கடவுச்சொல் சரி, ஆனா டெஸ்க்டாப் வரமாட்டேங்குது: லாகின் திரைக்கே திரும்புது (டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ)

#1 சிம்மக்கல்_ஜெராக்ஸ்

வணக்கம் எல்லாருக்கும். சிம்மக்கல்ல ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். கடையில ஒரு மெஷின்ல டெபியன் 12 (லினக்ஸ்தான்), டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ. லாகின் திரையைக் காட்டுறது லைட்டிஎம்.

நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு வம்பு. பேரு, கடவுச்சொல் அடிச்சு எண்டர் தட்டினா திரை ஒரு நொடி கருப்பாகுது, அப்புறம் திரும்ப அதே லாகின் திரை. கடவுச்சொல்லைத் தப்பா அடிச்சா "தவறு"ன்னு ஒழுங்கா சொல்லுது. சரியா அடிச்சாத்தான் இந்தக் கூத்து. கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 தட்டி எழுத்துத் திரையில நுழைஞ்சா உள்ள விடுது, ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு.

அட்மிஷன் நேரம், வாசல்ல கூட்டம் நிக்குது. பக்கத்துக் கடைக்காரர் ஃபார்மட் அடிச்சிருவோம்ங்கிறார். வேற வழி இருந்தா சொல்லுங்கண்ணே.

#2 வைகைக்கரை

ஃபார்மட் மட்டும் அடிச்சிராதீங்க. தப்பான கடவுச்சொல்லுக்கு ஒரு மாதிரி, சரியானதுக்கு வேற மாதிரி நடந்துக்குதுன்னு நீங்களே பாதி துப்பைச் சொல்லிட்டீங்க. லாகின் திரை தன் வேலையைச் செஞ்சிருச்சு, அதுக்கு அப்புறம் நடக்க வேண்டியதுலதான் சிக்கல்.

எழுத்துத் திரையில மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

டிஎஃப் -ஹெச் போட்டு ஹோம் இருக்கிற பார்ட்டிஷன்ல இடம் இருக்கான்னு பாருங்க. டிஸ்க் நிரம்பினா அச்சு அசலா இதே மாதிரிதான் திருப்பி அனுப்பும்.

உங்க ஹோம்ல .எக்ஸ்அத்தாரிட்டின்னு ஒரு மறைவுக் கோப்பு இருக்கும். எல்எஸ் -எல் போட்டா உரிமையாளர் யாருன்னு தெரியும். யாராவது சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்துல) ஜன்னல் உள்ள ப்ரோகிராமைத் திறந்திருந்தா அது ரூட், அதாவது நிர்வாகி, பேருக்கு மாறியிருக்கலாம்.

ஆட்யூசர் போட்டு புதுசா ஒரு கணக்கு உண்டாக்கி அதுல நுழைஞ்சு பாருங்க. இதுதான் முக்கியம்.

#3 திருமங்கலத்தான்

லைட்டிஎம்-ஐத் தூக்கிட்டு, அதே வேலையைச் செய்யிற ஜிடிஎம்3 போடுங்க தல. அஞ்சு நிமிச சோலி. எனக்கு லைட்டிஎம் என்னிக்குமே ஒத்து வந்ததில்ல.

#4 நாகமலை_சார்

திருமங்கலத்துத் தம்பி, காரணம் தெரியாமல் கதவை மாற்றி என்ன பயன்? முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கல்லூரி ஆய்வகத்தில் இதே வேலையாக இருந்தவன், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கணினி எழும்போது, சேவைகளை ஒவ்வொன்றாகக் கிளப்பும் சிஸ்டம்டி கடைசியில் கிராஃபிக்கல் டார்கெட் என்ற நிலையை எட்டும். அது டிஸ்ப்ளே-மேனேஜர் சர்வீஸ் என்ற பெயரில் ஒன்றைக் கிளப்பும். அந்தப் பெயர் வெறும் சுட்டிதான். லைட்டிஎம், ஜிடிஎம், எஸ்டிடிஎம் என்று நீங்கள் எதை இயல்பாக வைத்திருக்கிறீர்களோ அதைக் காட்டும். லைட்டிஎம் ரூட் உரிமையோடு எழுந்து, திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சர்வரை வழக்கமாக 7-ஆவது முனையத்தில் ஓட்டும்.

அதன் மேல் கிரீட்டர் வரும். பெயர், கடவுச்சொல் கேட்கும் பெட்டி அதுதான். இது ரூட்டாக ஓடாது, லைட்டிஎம் என்ற தனிப் பயனராக ஓடும். படம், எழுத்துரு, கடிகாரம் எல்லாம் வரைகிற ஒரு நிரலிடம் ரூட் அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்பதால் இந்தப் பிரிவினை. கிரீட்டர் நீங்கள் அடித்ததை வாங்கி உள்ளே தள்ளும், அவ்வளவுதான். சரியா தவறா என்று பார்ப்பது பாம் அமைப்பு. அதற்கான விதிகள் /இடிசி/பாம்.டி அடைவில் லைட்டிஎம் என்ற கோப்பில் இருக்கின்றன.

பாம் சரி என்றதும் வேலை முடியவில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. பாம்-சிஸ்டம்டி என்ற கூறு, யார் உள்ளே இருக்கிறார் என்று கணக்கு வைக்கும் லாகின்டியிடம் போய் "இந்த ஆள், இந்த இருக்கையில், புது அமர்வு" என்று பதிவு செய்யும். /ரன்/யூசர் கீழே உங்கள் எண்ணில், பெரும்பாலும் 1000, ஒரு அடைவு முளைக்கும். ஒலி, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் முதலான எல்லாம் அங்கேதான் சாக்கெட் (தொடர்பு வாசல்) வைக்கும். பிறகு எக்ஸ் சர்வரோடு பேசுவதற்கான ரகசியக் குக்கீயை உங்கள் .எக்ஸ்அத்தாரிட்டியில் எழுதும். வைகைக்கரை அந்தக் கோப்பைக் கேட்டது இதனால்தான்.

கிரீட்டர் விலகும், அதே எக்ஸ் சர்வர் உங்களுக்குக் கைமாறும். ஒரு புதுச் செயலி பிறந்து, ரூட் உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் பெயரில் மாறி, அமர்வைத் தொடங்கும். எந்த அமர்வு? /யூஎஸ்ஆர்/ஷேர்/எக்ஸ்செஷன்ஸ் அடைவில் ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. கிரீட்டரின் மூலையில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்று பட்டியல் விரிகிறதே, அது இந்தக் கோப்புகளுக்குள் எழுதியிருக்கும் பெயர்களே. எக்ஸ்எஃப்சிஇ கோப்பில் எக்ஸெக் என்ற வரியில் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று இருக்கும்.

ஆனால் டெபியனில் அதை நேரே ஓட்டுவதில்லை. /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன் என்ற ஷெல் நிரலின் கையில் கொடுத்து ஓட்டச் சொல்கிறது. அந்த நிரல் எக்ஸ்செஷன்.டி அடைவில் உள்ள துண்டுகளை எண் வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். 40-இல் உங்கள் ஹோமில் உள்ள .எக்ஸ்செஷன்ஆர்சி, 70-இல் தமிழ் உள்ளீடு போன்றவற்றைக் கிளப்பும் ஐஎம்-கான்ஃபிக், கடைசி 99-இல்தான் உண்மையான டெஸ்க்டாப்.

இனி கவனிக்க வேண்டியது. லைட்டிஎம் இந்தச் செயலியைப் பெற்றுவிட்டுத் தூங்கப் போகாது, அது எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முடிந்த கணமே "ஆள் வெளியேறிவிட்டார்" என்று எடுத்துக்கொண்டு, எக்ஸ் சர்வரை மூடி, புதுக் கிரீட்டரை வைக்கும். கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் மாதிரி: பந்தி முடிந்ததா, அடிதடியில் கலைந்ததா என்று அவருக்குக் கவலையில்லை, ஆள் இல்லையென்றால் விளக்கை அணைத்து வாசலைப் பூட்டிவிடுவார்.

ஆக, நீங்கள் பார்ப்பது லாகின் தோல்வி அல்ல. லாகின் ஆகி, உடனே லாக்அவுட் ஆகிறீர்கள்.

#5 மேலூர்_டெர்மினல்

இவ்வளவு பெரிய ஊர்வலம் எதுக்கு? டிஸ்ப்ளே மேனேஜரே வேணாம். எழுத்துத் திரையில லாகின் பண்ணி ஸ்டார்ட்எக்ஸ் தட்டுங்க. நான் அப்படித்தான் வச்சிருக்கேன், ராம் மிச்சம்.

#6 வைகைக்கரை

உங்க மெஷினுக்கு சரி மேலூராரே, நீங்க ஒரே ஆள். கடையில டைப்பிஸ்ட் அக்கா வந்து எழுத்துத் திரையைப் பார்த்தா மெஷின் செத்துப்போச்சுன்னு போனைப் போட்டுருவாங்க.

இன்னொண்ணு. டெபியன்ல ஸ்டார்ட்எக்ஸ் போட்டா, சொந்த .எக்ஸ்இனிட்ஆர்சி இல்லாத பட்சத்துல, அது கடைசியில அதே /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷனைத்தான் கூப்பிடும். கோளாறு அங்கிட்டு இருந்தா ஸ்டார்ட்எக்ஸும் எழுத்துத் திரைக்கே திருப்பி அனுப்பும். ஜிடிஎம் போட்டாலும், எக்ஸ் அமர்வுன்னா, டெபியன்காரங்க அதே எக்ஸ்செஷன்.டி துண்டுகளை ஓட்டுற மாதிரிதான் கட்டியிருக்காங்க.

#7 சிம்மக்கல்_ஜெராக்ஸ்

சார், அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. பார்த்துட்டேன்.

டிஸ்க்ல பாதிக்கு மேல காலி. .எக்ஸ்அத்தாரிட்டி என் பேர்லதான் இருக்கு. புதுக் கணக்கு போட்டேன், டெஸ்க்டாப் ஜம்முனு வருது! என் கணக்குலதான் வரலை. ஸ்டார்ட்எக்ஸும் போட்டுப் பார்த்தேன், அண்ணே சொன்ன மாதிரியே திருப்பி அனுப்பிருச்சு.

#8 திருமங்கலத்தான்

அப்ப ஹோம்ல .கான்ஃபிக் ஃபோல்டரை அழிச்சிட்டு திரும்ப நுழைங்க. எக்ஸ்எஃப்சிஇ செட்டிங் கெட்டுப்போயிருக்கும்.

#9 நாகமலை_சார்

அழிக்காதீர்கள். பெயரை மாற்றி வைத்துப் பார்ப்பதுகூடப் பிறகு. பேனல் கெட்டுப்போனால் பேனல் இல்லாத டெஸ்க்டாப் வரும், ஒரே நொடியில் வெளியே தள்ளாது.

புதுக் கணக்கு நுழைகிறது என்றால் எக்ஸ் சர்வர், கிராஃபிக்ஸ் டிரைவர், லைட்டிஎம், பாம், எக்ஸ்எஃப்சிஇ அத்தனையும் நிரபராதி. உங்கள் ஹோமுக்குள் ஏதோ ஒரு கோப்பு. சூடோ போட்டு /வார்/லாக்/லைட்டிஎம் அடைவில் லைட்டிஎம்.லாக் கோப்பின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். "அமர்வு முடிந்தது, திரும்பிய மதிப்பு இத்தனை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த எண் என்ன? ஹோமில் .எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பிலும் என்ன இருக்கிறது?

#10 சிம்மக்கல்_ஜெராக்ஸ்

சார், லாக்ல இருக்கிறதைத் தமிழ்ல சொல்றேன். அங்கீகாரம் முடிஞ்சது, மதிப்பு 0, வெற்றி. அப்புறம் கிரீட்டரை நிறுத்துறேன், இதே திரையை யூசருக்குக் கொடுக்கிறேன்னு ஒரு வரி. அடுத்து எக்ஸ்செஷனை ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 கூட ஓட்டுறேன்னு. உடனே அடுத்தது: அமர்வு முடிஞ்சது, திரும்பிய மதிப்பு 0.

எரர்ஸ் கோப்புல என் பேருக்கு எக்ஸ் அமர்வு இத்தனை மணிக்குத் தொடங்குச்சுன்னு ஒரு வரிதான். பிழைன்னு எதுவும் இல்ல.

#11 நாகமலை_சார்

அந்த 0-தான் நான் தேடியது. ஏதாவது உடைந்து விழுந்திருந்தால் 1-ஓ வேறு எண்ணோ வந்திருக்கும், எரர்ஸ் கோப்பில் புலம்பலும் இருந்திருக்கும். இங்கே ஒன்றுமே உடையவில்லை. யாரோ "வேலை முடிந்தது, வருகிறேன்" என்று மரியாதையாக வெளியேறியிருக்கிறார்கள்.

40-ஆம் துண்டு படிக்கிற .எக்ஸ்செஷன்ஆர்சி உங்கள் ஹோமில் இருக்கிறதா? இருந்தால் அதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

#12 சிம்மக்கல்_ஜெராக்ஸ்

இருக்கு சார். நாலு வரி. முதல் மூணும் எக்ஸ்போர்ட்னு தொடங்குது, ஜிடிகே, க்யூடி, எக்ஸ்மாடிஃபயர்ஸ் மூணுக்கும் ஐபஸ்னு (தமிழ் அடிக்க உதவுற மென்பொருள்) கொடுத்திருக்கு. நாலாவது வரி:

எக்ஸெக் ஐபஸ்-டீமன் -டிஆர்எக்ஸ்

லிப்ரே ஆஃபிஸ்ல தமிழ்99 வரலைன்னு சாயங்காலம் வர்ற காலேஜ் பையன்கிட்ட சொன்னேன். அவன் ஏதோ வீடியோ பார்த்துப் போட்டானாம். இப்பதான் போன்ல கேட்டேன். நல்ல பையன், திட்டலை.

#13 வைகைக்கரை

பையனைத் திட்ட வேணாம், வீடியோக்காரரைத் திட்டலாம். நாலாவது வரியோட முதல் சொல்தான் வினை.

ஷெல்லுல எக்ஸெக்னா "இதை ஓட்டு"ன்னு மட்டும் அர்த்தம் இல்ல. "நான் போறேன், என் இடத்துல இது உட்காரட்டும்"னு அர்த்தம். சார் சொன்னாரே, எக்ஸ்செஷன் அந்தத் துண்டுகளைத் தனக்குள்ளயே சேர்த்துக்கும்னு. அதனால உங்க கோப்புல எக்ஸெக் வந்தா, மொத்த எக்ஸ்செஷன் நிரலும் எழுந்து போய் அந்த இடத்துல ஐபஸ் உட்காருது. 70-ம் வராது, 99-ம் வராது, டெஸ்க்டாப்னு ஒண்ணைத் தொடங்கச் சொல்ல ஆளே இல்ல.

வெறும் ஐபஸ் ஓடிக்கிட்டிருந்தாலாவது கருப்புத் திரையில மவுஸ் மட்டும் தெரிஞ்சிருக்கும். அந்த டிஆர்எக்ஸ்ல முதல் எழுத்து டி இருக்கு பாருங்க, அது "பின்னணிக்குப் போ"ங்கிற கட்டளை. ஐபஸ் தன்னை ஒரு நகல் எடுத்துப் பின்னால அனுப்பிட்டு, முன்னால இருக்கிறது 0-ன்னு சொல்லி முடிஞ்சிரும். லைட்டிஎம் கண்காணிக்கிறது அந்த முன்னால இருக்கிறதைத்தான். அது முடிஞ்சதும் திரையை மூடிருது.

வேடிக்கை என்னன்னா 99-ஆம் துண்டுலயும் கடைசி வரி எக்ஸெக்தான். அங்க அதுதான் சரி, அதுக்கு அப்புறம் செய்ய வேலை எதுவும் கிடையாது. அதையே 40-ல போட்டா கதை கந்தல்.

தீர்வு: அந்தக் கோப்பையே வேற பேருக்கு மாத்திருங்க. எக்ஸெக்கை மட்டும் எடுத்தாலும் வேலை செய்யும், ஆனா டெபியன்ல இதுக்குன்னே வழி இருக்கு. ஐஎம்-கான்ஃபிக் -என் ஐபஸ்னு உங்க கணக்குல தட்டுங்க, சூடோ வேண்டாம். .எக்ஸ்இன்புட்ஆர்சின்னு ஒரு கோப்பு உருவாகும், 70-ஆம் துண்டு அதைப் பார்த்து அந்த மூணு மாறிகளையும் வச்சு ஐபஸையும் கிளப்பிரும். ஐபஸ்-எம்17என் தொகுப்பு இருக்கான்னு பாருங்க, தமிழ்99 அதுலதான் வரும். டைப்ரைட்டர் லேஅவுட்டும் அதுலயே இருக்கு.

#14 அழகர்கோவில்_ரோடு

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். நான் உபுண்டு, க்னோம் டெஸ்க்டாப். இதே நாலு வரி என் ஹோம்ல ரொம்ப காலமா கிடக்கு, எனக்கு ஒண்ணும் ஆகலையே?

#15 நாகமலை_சார்

நீங்கள் எக்ஸ்-க்குப் பதிலாக வந்த வேலேண்ட் அமர்வில் இருப்பீர்கள். லாகின் திரையின் பல்சக்கரப் பட்டியலில் வருகிற வேலேண்ட் அமர்வுகளின் கோப்புகள் தனியே வேலேண்ட்-செஷன்ஸ் என்ற அடைவில் இருக்கின்றன. எக்ஸ் அமர்வுக்கான அந்தத் துண்டுகளின் வரிசை பொதுவாக அங்கே ஓடுவதில்லை, ஆகவே உங்கள் .எக்ஸ்செஷன்ஆர்சி படிக்கப்படாமலேயே கிடக்கிறது. ஐபஸை க்னோம் ஷெல் தானே கிளப்பிக்கொள்ளும். அந்தக் கோப்பு உங்களுக்கு வேண்டவே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

எக்ஸ் அமர்வுகளே குறைந்து வருகின்றன. 2025-இல் வந்த உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு எக்ஸ் அமர்வு கிடையாது. எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் வேலேண்ட் இன்னும் சோதனை நிலைதான். சிம்மக்கல் கடைக்கு எக்ஸ்தான் ஓடும், ஓடட்டும்.

என் வயதுக்கு ஒரு பழங்கதை. இந்த லாகின் திரைக்கெல்லாம் மூத்தது எக்ஸ்டிஎம், 1988-இல் எக்ஸ்11-இன் மூன்றாம் வெளியீட்டோடு வந்தது. அடுத்த ஆண்டே, நான்காம் வெளியீட்டில், வலையமைப்பு வழியாக லாகின் திரையை வேறொரு மேசைக்கு அனுப்பும் நெறிமுறையும் வந்துவிட்டது. யூடிபி 177-ஆம் துறை. எங்கள் ஆய்வகத்தில் ஒரே சர்வர், பழைய பெட்டிகள் எல்லாம் அதன் லாகின் திரையைக் காட்டும் கண்ணாடிகள். மறையாக்கம் கிடையாது, கடவுச்சொல் கம்பியில் அம்மணமாகப் போகும். இன்றைக்கு யாரும் அதைத் திறந்து வைக்காதீர்கள். ஆனால் கடவுச்சொல் கேட்கிறவர் வேறு, டெஸ்க்டாப்பை ஓட்டுகிறவர் வேறு என்பது எனக்கு அங்கேதான் கண்ணெதிரே தெரிந்தது. ஒன்று என் மேசையில், மற்றொன்று அடுத்த அறையில்.

#16 சிம்மக்கல்_ஜெராக்ஸ்

வந்துருச்சு! கோப்புப் பேரை மாத்தினேன், ஐஎம்-கான்ஃபிக் தட்டினேன், நுழைஞ்சேன், டெஸ்க்டாப் வந்துருச்சு. தமிழ்99 லிப்ரே ஆஃபிஸ்லயும் அடிக்குது. டைப்பிஸ்ட் அக்காவுக்கு அவங்க பழகின டைப்ரைட்டர் லேஅவுட்டும் சேர்த்தாச்சு. சாருக்கும் அண்ணனுக்கும் கடைக்கு வந்தா ஜிகர்தண்டா என் செலவு.

ஒரு சந்தேகம் மட்டும். காலையில அக்கா என் கடவுச்சொல்லுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. கேட்காம நேரா உள்ள போற மாதிரி வைக்கலாமா?

#17 வைகைக்கரை

வைக்கலாம், ஆனா உங்க கணக்குக்கு வைக்காதீங்க. அதுல வாடிக்கையாளர் ஆதார், பட்டா நகல்னு எத்தனை ஸ்கேன் கிடக்கும்! அக்காவுக்குத் தனிக் கணக்கு போட்டு, /இடிசி/லைட்டிஎம்/லைட்டிஎம்.கான்ஃப் கோப்புல சீட் பகுதியில ஆட்டோலாகின்-யூசர் வரிக்கு அந்தக் கணக்கு பேரைக் கொடுங்க. சோதிக்கப் போட்டீங்களே ஒரு புதுக் கணக்கு, அதையே வச்சுக்கலாம். ஐஎம்-கான்ஃபிக்கை அந்தக் கணக்குலயும் ஒருதரம் தட்டணும், அது ஆளுக்கு ஆள் தனி. உங்க ஹோம் அடைவை அடுத்த கணக்கு எட்டிப் பார்க்க முடியாதபடி அனுமதி 700-ன்னு மாத்திருங்க.

ஒண்ணு நடக்கும், பயப்படாதீங்க. க்ரோம் திறந்ததும் "கீரிங் கடவுச்சொல் கொடு"ன்னு ஒரு பெட்டி எட்டிப் பார்க்கலாம். லாகின்ல நீங்க அடிக்கிற கடவுச்சொல்லை வச்சுத்தான் பாம் அந்தச் சாவிக்கொத்தைத் திறக்குது. தானா நுழையும்போது கடவுச்சொல்லே இல்ல, எதை வச்சுத் திறக்கும்? அக்கா கணக்குல உலாவியில எந்தக் கடவுச்சொல்லையும் சேமிக்காம இருந்தா, கீரிங் கடவுச்சொல்லைக் காலியா வச்சிரலாம். உங்க கணக்குல அதைச் செய்யாதீங்க.

#18 சிம்மக்கல்_ஜெராக்ஸ்

புரிஞ்சதுண்ணே. அப்படியே பண்றேன்.

#19 திருமங்கலத்தான்

சரி, ஒத்துக்கிறேன், இந்தத் தடவை லைட்டிஎம் மேல தப்பு இல்ல. ஆனா ஜிடிஎம்தான் அழகு, அதுல மாத்தமில்ல. ஒரு உதவி: என் மெஷின்ல லைட்டிஎம், ஜிடிஎம்3 ரெண்டும் கிடக்கு. ஜிடிஎம்தான் வருது. எழுத்துத் திரைக்குப் போயிட்டு கண்ட்ரோல் ஆல்ட் எஃப்7 அடிச்சா டெஸ்க்டாப்புக்குத் திரும்பாம கருப்பா நிக்குது. அதுக்கு என்ன?

#20 மேலூர்_டெர்மினல்

இதுக்கு நானே சொல்லிருவேன். எஃப்7 லைட்டிஎம் பழக்கம். ஜிடிஎம் லாகின் திரையை 1-ல வைக்கும், உங்க டெஸ்க்டாப்பை வழக்கமா 2-ல ஓட்டும். எஃப்2 அடிங்க. லைட்டிஎம் வேணாம்னா டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜிடிஎம்3 போட்டு இயல்பா எது இருக்குன்னு உறுதி பண்ணிட்டு, அப்புறம் நீக்குங்க. முதல்லயே நீக்கிட்டு வந்து நிக்காதீங்க.